கட்டி பேசவில்லை

சுகந்திக்கு அம்மா எழுதுவது.

உன்னிடம் போனில் பேசிவிட்டு வந்து உன் அண்ணன் எல்லாம் சொன்னான். "அன்னைக்கு அப்படிப் பேசுனது அம்மா இல்லைண்ணா, மூளைல இருக்கற கட்டி. நான் மன்னிச்சுட்டேன்" என்றாயாமே. உன்னை யார் மன்னிக்கச் சொன்னது?

பேத்தி வயசுக்கு வந்த திரட்டிச் சீரில், அத்தனை சொந்தத்துக்கும் நடுவே, "அப்பன் வாயில பால் ஊத்த வராதவ, அத்தைமொறை செய்ய மட்டும் வந்துட்டியா?" என்று கேட்டது நான்தான். நீ சீர்த்தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதுகொண்டே போனதைப் பார்த்து நின்றதும் நான்தான்.

நெற்றிக்குப் பின்னால் கட்டி வந்தால் குணம் மாறும் என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்னது உண்மை. ஸ்கேன் படத்தில் எனக்கும் காட்டினார், எலுமிச்சம்பழ அளவு.

"இது எத்தனை நாளா இருக்குதுங்க?" என்று கேட்டேன்.

"ஒரு வருசம் இருக்கும்மா" என்றார்.

உன் அப்பா போய் ஏழு வருடம். மூன்று நாள் உன் பெயரையே சொல்லிக்கொண்டு கிடந்தார். அருவங்காட்டிலிருந்து மஞ்சூர் வர உனக்கு லீவு கிடைக்கவில்லை. அந்தக் கேள்வி அன்றைக்கே என் வாய்க்கு வந்துவிட்டது. நான் ஐந்தாவதுதான் படித்தேன், ஆனாலும் ஒன்று பெரிதா ஏழு பெரிதா என்று எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை ஆபரேஷன். அதற்குப் பிறகு என் பேச்சும் குணமும் எப்படி இருக்கும் என்று டாக்டருக்கே தெரியவில்லை. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். நான் உன் கையைப் பிடித்து "வா கண்ணு" என்றால் நம்பிவிடாதே. அது நானாக இருக்காது.

புத்தி தெளிவாக இருக்கும்போதே எழுதிய,
உன்னைப் பெற்றவள்