படம் வராத வீடியோ

அக்கா,

இன்று காலை வேங்கிக்காலில் என் ஆபீஸில் ஒருவர், மகளின் கல்யாண வீடியோவைக் காட்டுவதற்காகப் பென் டிரைவ் கொண்டுவந்து என் கம்ப்யூட்டரில் செருகினார். திரையில் சின்னக் கட்டம் ஒன்று வந்தது. இதை ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யவா என்று கேட்டது. அவர் 'ஆமாம்' பக்கம் அம்புக்குறியை நகர்த்தினார். நான் சட்டென்று அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"தொடாதீங்க சார். எல்லாம் போயிடும்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

உன் வீட்டிலும் ஒருநாள் இதே கட்டம் வந்ததே, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உன் மகள் கார்த்திகா பெங்களூருக்கு வேலைக்குப் போன புதிது. சமைக்கத் தெரியாமல் தினமும் உனக்குப் போன் செய்வாள். நீ அவளுடைய பழைய போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்து, காரக்குழம்பு, கீரை மசியல் என்று ஒவ்வொன்றையும் முதலிலிருந்து வீடியோ எடுத்தாய். எடுக்கத் தெரிந்த உனக்கு நிறுத்தத் தெரியாது. குழம்பு இறங்கிய பிறகும் அது ஓடிக்கொண்டிருக்கும். நீ பாத்திரம் கழுவுவது, ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டம்மாவிடம் பேசுவது எல்லாம் அதில் பதிந்திருக்கும். அவள் ஊருக்கு வரும்போது அவற்றைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்வாள்.

எனக்கும் வேண்டும் என்று கேட்டேன். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள். அவளுடைய கம்ப்யூட்டர் ஒரு வகை, என் லேப்டாப் வேறு வகை. செருகியதும் அந்தக் கட்டம் வந்தது. நான் படித்துச் சொன்னதும் நீ கரண்டியும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தாய்.

"அது என்னாடி, எல்லாத்தையும் அழிச்சாதான் காட்டுவேன்னு சொல்லுது?"

மூன்று பேரும் சிரித்தோம். "ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்காதும்மா. அடுத்த தரம் வரும்போது மாத்திக் கொண்டாரேன்" என்றாள் கார்த்திகா.

அடுத்த தரம் அவள் வந்தது உன் சாவுக்கு. காலையில் பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் சாய்ந்தாய். ஆஸ்பத்திரி வரைக்கும் உயிர் தாங்கவில்லை.

மாமா அழவில்லை. பேச்சைத்தான் நிறுத்திவிட்டார். தோட்டத்துப் பக்கம் துவைக்கிற கல்லில், மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சோறு போட்டால் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். எதைக் கேட்டாலும் தலையசைப்புதான். ஆள் கண்முன்னே கரைந்துகொண்டிருந்தார். காரியம் எல்லாம் முடிந்து கிளம்பும்போது கார்த்திகா என்னிடம் வேறொரு பென் டிரைவைக் கொடுத்தாள்.

"இது ரெண்டு கம்ப்யூட்டர்லயும் தொறக்கும் சித்தி. அப்பாவுக்குப் போட்டுக் காட்டுங்க. அம்மா முகத்தப் பாத்தாலாவது அழுவாரு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப்டாப்போடு உன் வீட்டுக்கு வந்தேன். வீட்டைப் பெருக்கித் துடைத்து, பின்கதவுப் படியையும் கழுவிவிட்டேன். மாமா கல்லில் உட்கார்ந்திருந்தார். முதலில் நான் மட்டும் போட்டுப் பார்த்துவிடலாம் என்று உன் சமையலறையிலேயே உட்கார்ந்து ஒரு வீடியோவைத் திறந்தேன்.

திறந்தது. ஆனால் படம் வரவில்லை. திரை கறுப்பாகவே இருந்தது. சத்தம் மட்டும் வந்தது. முதலில் காலடிகள். ஆயிரக்கணக்கான வெறுங்கால்கள் நடக்கிற சத்தம். பௌர்ணமியன்று உன் தெருமுனையில் கிரிவலக் கூட்டம் போகுமே, அந்தச் சத்தம். அன்று பௌர்ணமி இல்லை. எழுந்துபோய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. எனக்குப் பின்னால் அந்தக் கால்கள் நடந்துகொண்டே இருந்தன.

பிறகு உன் வளையல் சத்தம். கடுகு வெடித்தது. "கண்ணு, புளிய ஜாஸ்தி கரைச்சிடாத" என்று கார்த்திகாவுக்காக நீ சொன்னது, என் தோளுக்குப் பக்கத்திலிருந்து வந்ததுபோல் இருந்தது. மூடிவிட நினைத்தேன்.

அப்போதுதான் நீ குரலை உயர்த்திக் கூப்பிட்டாய்.

"என்னாங்க, ரெண்டு கொத்து கருவேப்பல ஒடிச்சினு வாங்க."

கொஞ்ச நேரம் எண்ணெய் கொதிக்கிற சத்தம் மட்டும்.

"தோ வரேன்."

மாமாவின் குரல். வீடியோவில் இருக்கிற குரல் என்றுதான் முதலில் நினைத்தேன். தோட்டத்தில் கிளை முறிகிற சத்தம் கேட்ட பிறகுதான், பதில் அங்கிருந்து வந்தது என்று புரிந்தது. பின்கதவுப் பக்கம் காலடி வந்தது. கறுப்புத் திரையிலிருந்து நீ சொன்னாய்:

"மெதுவா வாங்க. படி ஈரமா இருக்குது."

நான் கழுவிவிட்ட படியில் மாமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கால் வைத்தார். கையில் இரண்டு கொத்து கறிவேப்பிலை. அணைந்து கிடந்த அடுப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பை மூடிவிட்டேன். கொத்தை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, வந்த வழியே போய்க் கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கார்த்திகாவுக்குப் போன் செய்தேன். "அம்மாவுக்கு அது பழக்கம் சித்தி. அப்பா வீட்ல இல்லன்னாகூட கூப்ட்டுனே இருப்பாங்க" என்றாள். இருக்கலாம். உன்னை எனக்குத் தெரியாதா. படம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். "உங்க லேப்டாப்புக்கு இந்த மாதிரிப் படத்தைப் படிக்கத் தெரியல, சவுண்டு மட்டும்தான் புரியுது. நான் வந்து மாத்தித் தரேன்" என்றாள்.

அடுத்த வாரம் வந்தாள். சமையலறையில் மூன்று பேரும் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். கிரிவலக் கூட்டத்தின் காலடிச் சத்தத்தோடு படம் வந்தது. பச்சைப் புடவையில் நீ. உனக்குப் பின்னால் பின்கதவு திறந்திருந்தது. நீ கூப்பிட்டாய். திரும்பிக் கதவைப் பார்த்தாய். காதைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தாய். வீடியோவில் யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் பதில் கேட்டவளைப்போல நீ தலையாட்டினாய். படி ஈரமாக இருக்கிறது என்று சொன்னாய். படத்தில் அந்தப் படி வெயிலில் காய்ந்து வெள்ளையாகக் கிடந்தது.

அதற்குப் பிறகு உன் கண்கள் கதவிலிருந்து அடுப்பு வரை மெதுவாக வந்தன. யாருக்கோ இடம் விடுவதுபோல் சற்று விலகி நின்றாய். அடுப்புப் பக்கம் திரும்பிக் கையை வாணலிக்குக் கொண்டுபோனாய். உன் முதுகு மறைத்ததால் கையில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. எண்ணெயில் இலை பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

கார்த்திகா வீடியோவை நிறுத்தினாள். "அன்னிக்கு நீங்க வீட்ல இருந்தீங்களாப்பா?"

"இல்லம்மா. பௌர்ணமிக்கு ஊருக்குள்ள வண்டி விடமாட்டாங்கன்னு கீழ்பென்னாத்தூர் நெலத்துலயே தங்கிட்டேன். மல்லாட்டச் செடி புடுங்கினு இருந்தாங்க."

"அப்ப அம்மா யார்கிட்ட பேசறாங்க?"

"எங்கிட்டதான்."

"அப்பா..."

"போன வாரம் கொண்டாந்து குடுத்தேன் இல்ல" என்றார், கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோல.

அன்று மத்தியானம் மாமா சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். குழம்பில் உப்பு கம்மி என்று குறைகூடச் சொன்னார். அதிலிருந்து பேசுகிறார், நிலத்துக்குப் போகிறார். சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் அன்று சாயங்காலம் கார்த்திகா பின்கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். மாமா எழுந்துபோய்த் தாழை எடுத்துத் திறந்து வைத்தார்.

எல்லாக் கம்ப்யூட்டரிலும் திறக்கிற மாதிரி கார்த்திகா எல்லா வீடியோவையும் மாற்றிக் கொடுத்துவிட்டாள். ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்துவிட்டேன். அந்த ஒன்றை அவளும் பார்த்ததில்லை. திறப்பதற்கு முன்னால் தெரிகிற சின்னப் படத்தில், நீ ஜன்னலோரம் நிற்கிறாய். முகம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. யாரையோ கூப்பிட வாய் திறந்திருக்கிறாய்.

கீரை மசியலாகத்தான் இருக்கும், போட்டுப் பாருங்கள் என்கிறாள் கார்த்திகா. என் வீட்டில் அதைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. திறந்தால் உன் சமையலறையில், பகல் வெளிச்சத்தில்தான் திறப்பேன். நீ கூப்பிடுவது என்னையாக இருந்தால், "தோ வந்துட்டேன்கா" என்று சொல்கிற தூரத்தில் நான் இருக்க வேண்டும்.