முட்கள் நின்ற இடம்

கும் ஹெலிக், வேல்ஸ்
9 ஜூன் 1994

அன்புள்ள மென்னாவுக்கு,

நானும் நெஸ்டாவும் சுகம். நீயும் பிள்ளைகளும் துக்கத்திலிருந்து கொஞ்சமாவது தேறியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உன் அம்மா காலமான செய்தியை நெஸ்டாதான் எனக்குப் படித்துக் காட்டினாள். படித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஞாயிறன்று சபையில் அம்மாவின் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். இந்த ஊரில் இருந்தவரை அவருக்குக் கிடைக்காத மரியாதை, ஆஸ்திரேலியாவில் போய்ச் செத்த பிறகு கிடைத்திருக்கிறது.

இங்கே மழை விட்டபாடில்லை. நிலக்கரிக் குழியை மூடிய இடத்தில் புல் போட்டு, இப்போது ஆடு மேய்கிறது. என் முழங்கால் பழையபடிதான். தோட்டத்தில் லீக்ஸ் நன்றாக வந்திருக்கிறது. இந்த வருஷக் காய்கறிக் கண்காட்சியில் எப்படியும் ஒரு பரிசு தட்டிவிடுவேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். சரியாகப் புரிந்துகொண்டேனா பார். 1957இல் குழி வெடித்து ஏழு பேர் போனார்கள். உன் அப்பா இத்ரிஸ் அவர்களில் ஒருவர். தினமும் காலையில் உள்ளே போய்க் காற்று சரியாக ஓடுகிறதா என்று அளந்து எழுதுவது அவர் வேலை. அன்றைக்குக் காலையில் அவர் அளக்க உள்ளே போகவே இல்லை, மேலே அறையில் உட்கார்ந்தபடி முதல் நாள் கணக்கையே திருப்பி எழுதிவிட்டு, பிறகுதான் ஆட்களோடு இறங்கினார் என்று விசாரணையில் முடிவு கட்டினார்கள். இரண்டு நாளும் முந்நூற்று நாற்பத்தைந்து அடி என்று ஒரே எண் இருந்ததுதான் காரணம். அவர் சட்டைத்துணிகளோடு வந்த மூட்டையை அம்மா கடைசிவரை பிரிக்கவில்லை. நீ இப்போது பிரித்தாய். உள்ளே அவருடைய சொந்தக் குறிப்புப் புத்தகம். கடைசி வரியில் அளப்பதற்கு முன் 31,640, அளந்த பின் 31,985.

பழைய காற்றுமானியில் முள்ளைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்ப முடியாது. காற்று பட்டதையெல்லாம் கூட்டிக்கொண்டே போகும். அவர் அன்று அளந்திருந்தால் முட்கள் 31,985இல் நிற்க வேண்டும். அளக்காமல் எழுதியிருந்தால் முதல் நாள் விட்ட 31,640இலேயே நிற்க வேண்டும். நம் குழியின் காற்றுமானி ஒன்று எனக்குக் கிடைத்தது என்று கிறிஸ்துமஸ் வாழ்த்தில் பீற்றிக்கொண்டேன் அல்லவா? அது அவருடையதுதான் என்பதற்கு அடையாளமாக அதில் பதினான்கு என்ற எண்ணும், பெட்டி மூடியின் உட்புறம் ஒரு இலையும் கீறியிருக்கிறதா, முட்கள் எங்கே நிற்கின்றன என்று கேட்டிருக்கிறாய். செத்தவர்களுக்கு ஊர் வைக்கும் நினைவுக்கல்லில் ஆறு பெயர்தானா, உன் அப்பாவோடு ஏழா என்று கமிட்டி முடிவு செய்வதற்குள் பதில் வேண்டும் என்கிறாய்.

வீட்டில் வெள்ளையடிப்பு நடக்கிறது. என் சாமான்களெல்லாம் மைத்துனர் வீட்டுக் கொட்டகையில் கிடக்கின்றன. எடுத்துப் பார்த்துச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

என்றும் அன்புடன்,
டெக்வின்

*

கும் ஹெலிக்
21 ஆகஸ்ட் 1994

அன்புள்ள மென்னாவுக்கு,

வெள்ளையடிப்பு என்று எழுதியது பொய். எங்கள் வீட்டுச் சுவரைத் தொட்டு ஒன்பது வருஷமாகிறது. உன் கடிதத்தைப் படித்த ஐந்தாவது நிமிஷமே நான் அலமாரியைத் திறந்துவிட்டேன். பதினான்கு இருந்தது. இலையும் இருந்தது. யாரோ பிள்ளைகள் கீறியது என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்த இலை.

முட்கள் 38,207இல் நின்றன.

அவற்றை அங்கே கொண்டுபோனது நான்தான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தே இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டேன்.

கார்டிஃப் சந்தையில் ஒரு பழைய சாமான்காரரிடம் அதைப் பார்த்தேன். குழி மூடியபோது கிடங்கிலிருந்து அள்ளிவந்த குப்பையோடு கிடந்தது. கரித்தூள் அப்பிய தோல்பெட்டி. பக்கத்தில் ஒரு சின்ன விசை இருக்கும். அதை விலக்கி வைத்தால் இறக்கைகள் எவ்வளவு சுற்றினாலும் முட்கள் அசையாது. அந்த விசை விலகித்தான் இருந்தது. உன் அப்பா கடைசியாக அளந்து, எழுதி, விசையை விலக்கி, பெட்டியை மூடியிருக்கிறார். முப்பத்துநான்கு வருஷம் அது அப்படியே இருந்தது. குண்டு போல வெடித்த குழிக்குள் இருந்தும், எத்தனையோ பேர் கை மாறியும், ஒருவரும் அந்த விசையைத் தொடவில்லை.

பழைய கருவிகள் சேகரிக்கும் எங்கள் கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. காற்றுமானி கைக்கு வந்தால் முதல் காரியமாக விசையைத் தள்ளி, வாயருகே பிடித்து ஊதிப் பார்ப்போம். இறக்கை சுழன்று முள் நகர்ந்தால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். சுற்றி நிற்கிறவர்கள் கைதட்டுவார்கள். நான் சந்தையிலேயே ஊதினேன், மென்னா. எனக்கும் கைதட்டினார்கள்.

அதோடு விட்டேனா? வீட்டுக்கு வந்து பாலிஷ் போட்டு, பதினான்கு என்ற எண் பாதி அழியும்வரை தேய்த்தேன். குன்றின்மேல் கொண்டுபோய்க் காற்றில் பிடித்தேன். கண்காட்சிகளில் மின்விசிறி முன்னால் வைத்தேன். இரண்டு கிறிஸ்துமஸுக்குப் பேரப்பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, யார் அதிக அடி ஊதுகிறார்கள் என்று பந்தயம் வைத்தேன். புட்டிங் தின்ற வாயோடு அவர்கள் உன் அப்பாவின் சாட்சியை ஊதி ஊதி அழித்தார்கள், நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

வாங்கும் பொருளைப் பற்றியெல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதிவைப்பேன். அதையும் எடுத்துப் பார்த்தேன். பெட்டியின் வலது மூலையில் நசுங்கல், ஒரு திருகாணி இல்லை, மூடியில் கீறல் என்று என் கையெழுத்தில் இருக்கிறது. முட்கள் எங்கே நின்றன என்று இல்லை. ஊதுவதற்கு முன் முகப்பைப் பார்த்திருப்பேன், பார்க்காமல் எப்படி? முப்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரம் என்று இருந்ததாகக்கூட ஒரு நினைவு வருகிறது. ஆனால் அது உன் கடிதத்தைப் படித்த பிறகு வந்த நினைவு. அதை நம்பாதே.

இனிமேல் சொல்வது இதைவிட மோசம்.

ஜூலையில் ஒரு மத்தியானம் நெஸ்டா சபைப் பாடல் ஒத்திகைக்குப் போயிருந்தாள். நான் சமையலறை மேசையில் துணி விரித்து, காற்றுமானியின் முகப்புக் கண்ணாடியைக் கழற்றி, ஊசியால் ஒவ்வொரு முள்ளாகத் தள்ளி 31,985இல் நிறுத்தினேன். பத்து நிமிஷ வேலை. இந்த நாட்டில் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. உடனே படம் வரும் கேமராவில் புகைப்படமும் எடுத்தேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? என் மேசைமேல் உன் அப்பா நிரபராதியாக நின்றார். உனக்குக் கடிதம்கூட எழுதத் தொடங்கிவிட்டேன்.

நெஸ்டா திரும்பி வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல், முகப்பைப் பார்த்தாள், ஊசியைப் பார்த்தாள். "முன்னாடி எங்க நின்னுச்சு?" என்று கேட்டாள். சொன்னேன். "மென்னாவுக்காகத்தான்" என்றும் சேர்த்துச் சொன்னேன். அவள் அடுப்பில் கெட்டிலை வைத்துவிட்டு என்ன சொன்னாள் என்பதை அப்படியே எழுதுகிறேன்.

"இத்ரிஸ் உக்காந்த எடத்துலயே கணக்கு எழுதிட்டார்னுதானே ஊரு அவரைத் தூத்துச்சு? அவர் செஞ்சாரோ இல்லையோ, இப்ப நீ செஞ்சிட்டே டெக். அதுவும் அவர் பேர்ல."

முட்களை மறுபடி 38,207க்கே கொண்டுவந்தேன். என் மூடத்தனம் நிறுத்திய இடம் அது, அங்கேயே இருக்கட்டும். படத்தை அடுப்பில் போட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடியது. தலைவர் யார் என்று உனக்குத் தெரியும், கெத்தின். அவன் அண்ணனும் அந்த ஏழு பேரில் ஒருவன். உன் அப்பாவின் புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். காற்றுமானியை மேசைமேல் வைத்தேன். நான் ஊதியதையும் சொன்னேன், ஊசியை எடுத்ததையும் சொன்னேன். முதலில் நாலைந்து பேர் சிரித்தார்கள். "ஏம்ப்பா, பீரங்கிய பாத்தாலும் வாய வச்சு ஊதுவியா?" என்று ஒருவர் கேட்டார். கெத்தின் சிரிக்கவில்லை.

"டெக்வின், முப்பத்தேழு வருஷமா எங்க அண்ணன் செத்ததுக்கு ஒரு ஆளோட பேரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றான். "வேற ஒண்ணும் இல்ல என்கிட்ட. அதையும் ஊதிட்டுப் போலாம்னு பாக்கறியா?"

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, மென்னா. வெகுநேரம் அவன் அந்த இலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "பொஸ்தகத்தை அவளே கொண்டாரட்டும். யாரும் படிச்சுச் சொல்ல வேணாம். என் மூஞ்சியப் பாத்து அவ படிக்கட்டும், கேக்கறேன்" என்றான். அதன்பேரில் முடிவைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். கல்லில் ஆறு பெயர் வெட்டியாகிவிட்டது. கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. அது நிரம்புமா என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. முட்கள் பழைய இடத்திலேயே இருந்திருந்தால் அவனால் மறுத்திருக்க முடியாது. இப்போது உன்னிடம் இருப்பது ஒரு புத்தகம் மட்டும், அதை உன் அப்பாவே எழுதினார் என்பதுதான் அதன் பலவீனம். உன்னை அந்த நிலையில் நிறுத்தியது நான்.

கூட்டத்தில் இன்னொன்றும் சொன்னேன். இத்ரிஸ் அன்று உள்ளே போய் அளந்தார் என்று நான் நம்புகிறேன் என்று சொன்னேன். அத்தாட்சி இருக்கிறதா என்றார்கள். இல்லை என்றேன். இதை 1957இலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்போது நான் குழியின் அளவை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். காற்று சீராக ஓடும் குழியில் இரண்டு நாள் ஒரே எண் வருவது அதிசயமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயம். கொஞ்ச நாளில் ஊரோடு சேர்ந்து நானும் நம்பிவிட்டேன், அதுதான் சுலபமாக இருந்தது.

விசாரணை முடிந்த அந்தச் சனிக்கிழமை நீ தொழிலாளர் மன்றத்துப் படியில் நின்றாய். வழக்கம்போல என்னோடு சினிமாவுக்குப் போகத்தான் நின்றாய். மூன்று மணிக்கு நான் வந்தேன், மென்னா. உடம்பு சரியில்லை என்று பிறகு சொன்னது பொய். தெருமுனையிலிருந்து உன் பச்சைக் கோட்டைப் பார்த்தேன். படியெல்லாம் ஆட்கள், உன்னைச் சுற்றி மட்டும் இடம் காலியாக இருந்தது. நான் ரொட்டிக்கடைச் சந்தில் திரும்பி வீட்டுக்குப் போய்விட்டேன். அன்று நீ எவ்வளவு நேரம் நின்றாய் என்று ஒருநாளும் கேட்கத் துணியவில்லை. இந்தப் பத்தியையும் நெஸ்டாவிடம் படித்துக் காட்டிவிட்டேன். இதை விடாமல் எழுது என்றாள்.

மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், வா. அக்டோபர் முதல் தேதி, சனிக்கிழமை, மூன்று மணிக்கு அதே தொழிலாளர் மன்றத்தில் கமிட்டி கூடுகிறது. எங்கள் பின்னறையை நெஸ்டா உனக்காக ஒழித்துவைத்திருக்கிறாள். புத்தகத்தைத் தபாலில் அனுப்பாதே, கையில் கொண்டு வா. காற்றுமானியை நான் எடுத்து வருகிறேன். விசையை விலக்கி நூலால் கட்டியிருக்கிறேன். அது உன்னுடையது, இனி என் அலமாரியில் இருக்கக் கூடாது.

மன்றம் அதே இடத்தில்தான் இருக்கிறது. படியில் கைப்பிடி மட்டும் புதிது. நான் இரண்டு மணிக்கே வந்து மேல்படியில், எல்லாருக்கும் தெரிகிறபடி நிற்பேன். மழை பெய்தாலும் உள்ளே போக மாட்டேன். உன் பயணம் தாமதமானாலும் பதறாதே, நீ வரும்வரை நிற்பேன்.

கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
டெக்வின்