அலறலுக்குப் பின் பத்து எண்ணிக்கை

என் அன்புத் தம்பி செல்வராசாவுக்கு,

இந்தப் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமையோடு நீ போய்ப் பத்து ஆண்டுகள் நிறைகின்றன. நீ போனது 1997இல். உன் மனைவி வெள்ளிக்கிழமை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள், அது தவறு. வெள்ளிக்கிழமை பதுளைத் தியேட்டரில் படம் மாறும். மறுநாள்தான் நாம் ஒலிபெருக்கி கட்டிய வேனில் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு விளம்பரம் சொல்லப் புறப்படுவோம். எழுத்து என்னுடையது, குரல் உன்னுடையது.

பேய்ப் படம் என்றால் எனக்குச் சில விதிகள் இருந்தன. சுவரொட்டியில் பேயின் முகம் தெரியக் கூடாது. கதவிடுக்கில் ஒரு கை போதும். துண்டுப்பிரசுரத்தின் அடியில் ‘இதயப் பலவீனம் உள்ளோர் தனியே வர வேண்டாம்’ என்ற வரி கட்டாயம். வராதே என்றால்தான் சனம் வரும். வேனுக்குள் இருந்து நீ கதையைச் சொல்லி, பாதியில் நிறுத்தி, ‘ஐயோ’ என்று அலற வேண்டும். பிறகு பத்து எண்ணும்வரை மௌனம். அதன் பின்னரே காட்சி நேரம்.

அந்தப் பத்தில்தான் நமக்குள் ஓயாத வழக்கு.

“பத்து ரொம்ப நீளம்ணே. மைக்கு கெட்டுப்போச்சுன்னு சனம் லயத்து வீட்டுக்குள்ள போயிரும். நாலு போதும்.”

“பயம் ஊற நேரம் வேணும்டா. பத்துதான்.”

“ஒங்களுக்கு அந்தப் பேயே தேவலண்ணே.”

அன்று காலை துண்டுப்பிரசுரக் கட்டை ஏற்றும்போது அடிவரியை வாசித்துச் சிரித்தாய். “அப்ப நான் வரக் கூடாதுல்ல. விடிஞ்சதுலருந்து நெஞ்ச என்னமோ பிடிக்குதுண்ணே.” முந்தைய நாள் ரொட்டி செரிக்கவில்லை என்று சொல்லி உன்னை ஏற்றிவிட்டேன். நான் எப்போது வைத்தியனானேன்?

பிற்பகல் மூன்று மணிக்கு, காலையில் தொழிலாளர்களுக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் வேனை நிறுத்தினோம். பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்தவர்கள் கூடையோடு நின்று கேட்டார்கள். நான் கீழே, கடிகாரத்தைப் பார்த்தபடி. கதை அலறலுக்கு வந்தது. நீ ‘ஐயோ’ என்று அலறவில்லை. “அண்ணே” என்றாய். அவ்வளவுதான்.

என் எழுத்தில் இல்லாத சொல் அது. எனக்குக் கோபம் வந்தது, தம்பி. கோபத்தோடேயே எண்ணத் தொடங்கினேன்.

பத்து ஆயிற்று. பதினைந்து ஆயிற்று. சனம் கைதட்டியது. வேன் கதவருகே கூடையோடு நின்ற, கொழுந்து பறிக்கும் பாக்கியம் அக்கா என்னைப் பார்த்து, “ஏங்க, தம்பி நெசமாவே சாஞ்சிட்டாரு போலங்க” என்றார்.

“இருங்க, இன்னும் பேச்சு இருக்கு” என்றேன் நான்.

இருபத்து மூன்றில்தான் கதவைத் திறந்தேன். மைக் உன் மடியில் கிடந்தது. பதுளை ஆஸ்பத்திரி வரை அந்த வளைவுகளில் உன் தலையை என் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தேன். பாதி வழியிலேயே நீ இல்லை என்று பிறகு சொன்னார்கள். அந்த இருபத்து மூன்றுக்குள் நீ என்னைத் தேடினாயா? கைதட்டல் உனக்குக் கேட்டதா? உடனே கதவைத் திறந்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்று டாக்டரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

உன் மகள் கலாவுக்குப் பத்தொன்பது வயது. போன வாரம் அவளோடு பதுளைக் கடைவீதியில் போகும்போது ஒரு சீடிக் கடைத் தொலைக்காட்சியில் பேய்ப் பட முன்னோட்டம் ஓடியது. அதே கதவிடுக்கு, அதே கை. அலறல், பிறகு மௌனம். என்னையறியாமல் எண்ணினேன். நான்கு.

நீ சொன்னதுதான் சரி. பத்து நீளம்.

“பெரியப்பா, என்னாச்சு? ஏன் நின்னுட்டீங்க?” என்றாள் கலா. உன் சாவைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது, நீ வேலையில் இருக்கும்போது போனாய் என்பது மட்டும்தான். அன்று நான் வெளியே எண்ணிக்கொண்டு நின்றது தெரியாது.

வரும் சனிக்கிழமை, உன் படத்துக்கு விளக்கேற்றியதும் அவளிடம் முழுவதையும் சொல்லிவிடுவேன், இருபத்து மூன்று என்ற எண்ணையும் சேர்த்து. அவள் எழுந்து போனாலும், எத்தனை நாள் பேசாதிருந்தாலும், அந்த மௌனத்தை நான் எண்ணமாட்டேன். இது உனக்கு என் வாக்கு.

நீ கூப்பிட்டும் உடனே வராத,
உன் அண்ணன்.