சமையல்கட்டுக்குள் ஷூ

வெள்ளிக்கிழமை, இரவு

கால் கட்டைவிரல் மறுபடியும் சாயுது. திருப்பதி டாக்டர் இன்னைக்குக் கட்டைப் பிரிச்சுப் பார்த்துட்டு, "ஷூ இல்லாம நடந்தீங்களா?"ன்னு கேட்டார். புடைச்ச எலும்பைச் சீவி விரலை நேராக்கினவர் அவர். கெட்டி ஷூ இல்லாம காலைக் கீழ வைக்கவே கூடாதுன்னு சொன்னதும் அவர்தான். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள மாமியார் முந்திக்கினாங்க. "செப்பினா வினதண்டி." சொன்னா கேக்கறதில்லையாம் நான்!

சமையல்கட்டுல சாமி படம் இருக்குது, ஷூவோட உள்ள வராதேன்னு தினம் வாசப்படியிலயே கழட்ட வெச்சது யாரு? வெறுங்காலோட நின்னு நான் சுட்ட தோசையைத் துன்னது யாரு?

திரும்பி வர சித்தூர் பஸ் ஏறினோம். காணிப்பாக்கம் கோயிலுக்குத் திரும்பற கிராஸ் வந்ததும் சொன்னேன். "அத்தே, எறங்கலாம். ஷூவைக் கழட்டச் சொன்னது நீங்க இல்லன்னு புள்ளையார் முன்னாடி சத்தியம் பண்ணுங்க." அங்க பொய்ச் சத்தியம் பண்ணவங்க என்ன ஆனாங்கன்னு அவங்களுக்குத் தெரியாதா? ஜன்னல் பக்கம் திரும்பிக்கினாங்க.

வீட்டுக்கு வந்ததும் ஷூவோடவே சமையல்கட்டுக்குள்ள போனேன். அடுப்புக்கும் சாமி படத்துக்கும் நடுவுல நாற்காலியப் போட்டு, காலை நீட்டிக்கினு உக்காந்தேன். தோசை அவங்கதான் சுட்டாங்க. மாவு, எண்ணெய், தட்டு, எதை எடுக்கணும்னாலும் என் காலைச் சுத்திக்கினுதான் போகணும். போனாங்க.

விரல் நேராவுமோ ஆவாதோ, அந்த பயம் இன்னும் போகல. ஆனா புள்ளையாரைச் சுத்த வராதவங்க என் காலைச் சுத்தட்டும். நாளைக்கும் நாற்காலி அங்கதான்.