எழும்பி நிற்கிற அளவுக்கு விறைப்பு

இணுவில்,
14.09.1995

பெருமதிப்புக்குரிய கனிசியஸ் சுவாமி அவர்களுக்கு,

மாதாவின் காவல் உங்களோடும் உங்கள் கோயிலில் தங்கியிருக்கும் சனங்களோடும் இருப்பதாக. உங்கள் தங்கை பெர்னடெட் எழும்பி நடக்கிறாள் என்ற செய்தி நெல்லியடிக்கும் வந்திருக்கும். தயவுசெய்து நன்றிப் பூசை ஒன்றும் வைக்க வேண்டாம். ஏன் என்று எழுதுகிறேன்.

கொழும்பில் மல்ரிப்பிள் ஸ்கிலெரோசிஸ் என்று சொன்ன அந்த நரம்பு நோய் இந்த வருடம் நன்றாகக் கூடிவிட்டது. நீங்கள் எடுப்பித்துத் தந்த இரண்டு மருந்துக் குளிசைகளும் வேலை செய்யத்தான் செய்தன. எரிவுக்கு அமிற்றிப்ரிலின், கால் விறைப்புக்குப் பக்லோபென். இரண்டும் சேர்ந்தால் நோ ஆறி நித்திரை கொள்வாள். ஆனால் கால்கள் நனைந்த துணிபோலத் துவண்டுவிடும். அந்த விறைப்பை ஊன்றித்தான் இவ்வளவு காலமும் நின்றிருக்கிறாள்!

டொக்டர் அருட்பிரகாசம் எரிவுக் குளிசையைப் பின்னேரத்துக்கு மாற்றினார். விறைப்புக் குளிசையைச் சிறிது சிறிதாகக் குறைப்போம், எழும்பி நிற்கிற அளவுக்கு விறைப்பு மிஞ்ச வேண்டும் என்றார். ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து என்று அவளுக்கு முன்னால் வைத்துத்தான் சொன்னார்.

போன சனிக்கிழமை பகல் குண்டு போடும் பொம்மர் வந்தது. நாங்கள் ஒதுங்கியிருக்கும் வீட்டுக்காரர் கதிரவேலு அண்ணையும் ஞானாம்பிகை அக்காவும் வளவில் வெட்டிய பங்கர்க் குழிக்குள் இறங்கிவிட்டார்கள். அதன் வாசல் சரியான ஒடுக்கம். ஒருவரைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது. நான் பெர்னடெட்டை வாசலடியில் கிடத்தி, அவள் மேல் கவிழ்ந்து படுத்தேன். "நீங்கள் உள்ளுக்குப் போங்கோ, என்னை விடுங்கோ" என்று நெஞ்சில் குத்தினாள். குண்டு அடுத்த ஒழுங்கையில் விழுந்தது. எங்கள் மேல் மண் மட்டுந்தான் கொட்டியது.

செவ்வாய்க்கிழமை அவள் எழும்பினாள். தடியைப் பிடித்து, முழங்கால் மடியாமல் மரக்கால் கட்டியவள் மாதிரிப் பங்கர்வரை நடந்து, படியில் இருந்தபடியே அரக்கி அரக்கித் தானாகவே இறங்கினாள். அயல் முழுக்க வந்து பார்த்தது. அந்தோனியார் கேட்டுவிட்டார் என்றார்கள் எங்கள் ஆட்கள். இல்லை, கந்தசுவாமி கோயிலில் தான் வைத்த நேர்த்தி என்றார் ஞானாம்பிகை அக்கா. நான் ஒரு விசரன், வந்தவர்களுக்கெல்லாம் பனங்கட்டியோடு தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நின்றேன்.

நேற்று அவளுக்கு உடம்பு கொதித்தது. கால்கள் தாமாகவே உதைத்தன. சத்தம் வெளியே வராமல் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பிறகு, "அப்பு கதவடியிலை நிக்கிறார், இருக்கச் சொல்லுங்கோ" என்றாள். உங்கள் தகப்பனார் எப்பவோ கடலோடு போனவர். ஞானாம்பிகை அக்கா திருநீறு எடுக்க ஓடினார். ஈரத் தலையணையை மாற்ற உறையைக் கழற்றினேன், விறைப்புக் குளிசைகள் கொட்டுண்டன. சனிக்கிழமைக்குப் பிறகு அவள் ஒன்றையும் விழுங்கவில்லை.

கோபத்தில் கத்திவிட்டேன். "நீங்கள் வாசலிலை கிடந்து சாகிறதைப் பாக்கேலாது. எனக்கு நொந்தால் நோகட்டும்" என்றாள். டொக்டரைக் கூட்டிவர ஆள் அனுப்பினேன்.

டொக்டர் வந்து பார்த்தார். ஆஸ்பத்திரியில் காயக்காரருக்கே இடமில்லை, இன்றே குளிசையைத் திரும்பக் கொடு, அடுத்தது வலிப்புத்தான் என்றார். அவள் குளிசையை வாங்காமல் பல்லைக் கிட்டிக்கொண்டு கிடக்கிறாள். இனிமேல் உன்னை விட்டுவிட்டு நான் பங்கருக்குள் போவேன் என்று சத்தியம் பண்ணிப் பார்த்தேன். அந்தக் காய்ச்சலிலும் சிரித்தாள்.

ஆகவே சுவாமி, இதைக் கொண்டுவரும் சிமியோனைக் கொஞ்சம் மறித்து வைத்து, உங்கள் கையால் அவளுக்கு நாலு வரி எழுதிக் கொடுங்கள். உன் புருசன் அடைக்கலநாதன் என்னிடம் வந்து, பைபிளில் கைவைத்து, பொம்மர் வந்தால் தான் முதலில் உள்ளே இறங்குவதாகச் சத்தியம் பண்ணினான், நீ குளிசையை எடு என்று எழுதுங்கள். சாமி அண்ணை பொய் எழுதமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். நான் இங்கிருந்து அசையவில்லை என்பது இந்தக் காய்ச்சலில் அவளுக்கு நினைவிருக்காது. உங்களிடம் கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். பாவம் முழுக்க என்னுடையது. உயிரோடு இருந்தால் உங்களிடமே வந்து பாவசங்கீர்த்தனம் செய்கிறேன்.

எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகவே ஆசீர்வதியுங்கள்.

உங்கள் மச்சான்,
அடைக்கலநாதன்