தொட்டில் கட்ட ஓர் அறை

டிசம்பர் 8, ஞாயிறு

காலையில் பனிமூட்டம். வெயில் வரவே நேரமாயிற்று. ஸ்வெட்டர்கள் எல்லாம் பால்கனிக் கம்பியில், அந்துருண்டை வாசனையோடு. டாக்குரியா ஸ்டேஷனைத் தாண்டும் ஒவ்வொரு ரயிலும் ஊதுகிறது. ஒவ்வொரு ஊதலுக்கும் தம்பி ஒரு துள்ளல்.

தம்பிக்கு எட்டு மாதம். கீழ்ப்பல் இரண்டு. தவழ்வது பின்பக்கமாக மட்டும்.

மத்தியானம் துணி எடுக்கப் போனபோது மாடிப்படியில் பேச்சுச் சத்தம். மூத்தவள் நித்யா, கீழ்வீட்டு மாஷிமாவிடம் போன வாரம் மிருகக்காட்சிசாலை போன கதையைப் பெங்காலியில் அளந்துகொண்டிருந்தாள். தமிழில் இத்தனை பேசமாட்டாள். 'ஆமி ஆர் பாபா' என்று ஆரம்பித்து 'ஆமி ஆர் பாபா' என்றே முடித்தாள். நானும் அப்பாவும் புலி பார்த்தோம், நானும் அப்பாவும் கமலாப்பழம் தின்றோம்.

நானும்தான் போயிருந்தேன். தூக்கம் வந்து, தூங்க முடியாமல் அலறுகிற பிள்ளையோடு ஒரு மரத்தடியில். ஏழு வயதுப் பிள்ளை பொய் சொல்லவில்லை. அவள் பார்த்த எதையும் நான் அவளோடு பார்க்கவில்லை. அப்போதிலிருந்து மனசு சரியில்லை.

ராட்டினப் பார்க் போகலாம் என்று தம்பி பிறந்தபோது சொன்னோம். கோடையில் ஒத்திப்போட்டோம். பூஜா லீவில் தம்பிக்கு வயிற்றுப்போக்கு, மறுபடி ஒத்திப்போட்டோம். முதலில் தினம் கேட்பாள். இப்போது கேட்பதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 10, செவ்வாய்

நல்ல குளிர். தம்பிக்கு மங்கி கேப் போட்டால் பிடுங்கி எறிகிறான்.

நேற்று இவரிடம் சொல்லிவிட்டேன், இந்த மாதம் போயே ஆகவேண்டும் என்று. டயமண்ட் ஹார்பர் ரோட்டில், ஊரைத் தாண்டிப் புதிதாக வந்திருக்கும் பார்க். உள்ளேயே தங்க ரூம்களும் உண்டாம். பேப்பருக்குள் வைத்து வந்த நோட்டீஸை எடுத்து வைத்திருந்தேன்.

நித்யாவிடம் ஜாடையாகக் கேட்டேன், போனால் என்ன செய்வாய் என்று. யோசிக்கவே இல்லை. "பெரிய ராட்டினத்துல நீ என்கூட ஏறணும். அப்பா வேண்டாம். நீ." பிறகு அவளாகவே, "தம்பி அழுவான். விடு" என்று ஹோம்வொர்க் பக்கம் திரும்பிவிட்டாள்.

மாஷிமாவுக்கு ஆச்சரியம். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற இடத்துக்கு ரூம் எதற்காம். எதற்கென்றால் தம்பியின் மத்தியானத் தூக்கத்துக்குத்தான். அவன் தூங்கினால் எனக்கு இரண்டு கையும் சும்மா. தூங்காவிட்டால் மறுபடியும் மரத்தடி. அவன் தூங்குவதோ சேலைத் தொட்டிலில் மட்டும். கட்டிலில் போட்டால் முள்மேல் போட்ட மாதிரி. பிள்ளையின் தலை உருண்டையாக வருமென்று மாஷிமா கடுகு நிரப்பி ஆசையாகத் தைத்துக் கொடுத்த தலையணை அலமாரியில் புத்தம்புதிதாக இருக்கிறது. வௌவால் மாதிரி ஏன் பிள்ளையைத் தொங்கவிடுகிறீர்கள் என்பது மாஷிமாவின் நிரந்தரக் கேள்வி.

ஆக, வேண்டியது:
கூரையில் பலமான கொக்கி.
வெந்நீர்.
பக்கத்தில் ராட்டினச் சத்தம் இல்லாத ரூம்.
மற்றது எப்படி இருந்தாலும் சரி.

டிசம்பர் 12, வியாழன்

சிரித்துச் சிரித்து விலாவில் வலி. எழுதி வைத்தே ஆகவேண்டும்.

சாயங்காலம் இவர் ஆபீஸிலிருந்து வந்ததும் பார்க்குக்குப் போன் போட்டார். போர்ட் ஆபீஸில் கப்பல்காரர்களோடு பேசுகிற அதே குரல், அதே இங்கிலீஷ். ரூம் இருக்கிறதா, இருக்கிறது. வெந்நீர், உண்டு. அப்புறம், கூரையில் கொக்கி இருக்கிறதா, பலமாக இருக்குமா, ஒரு சேலை கட்டவேண்டும். கொஞ்ச நேரம் மறுபக்கத்தின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் மாறியது. நோ, நோ என்றார். போனை வைத்துவிட்டார்.

"மேனேஜர் ஒரு மாதிரி கேக்கான். தனியா வாறீங்களா ஸார்ங்கான். வீட்ல எல்லாரும் சௌக்கியமாங்கான். ரூம் எல்லாம் ஃபுல்லாயிட்டுங்கான். இப்பத்தான இருக்குன்னான்?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. "ஒரு ஆம்பிளை போன் பண்ணி, பலமான கொக்கி வேணும், சேலை கட்டணும்னா அவன் என்னங்க நினைப்பான்? பிள்ளைக்குன்னு சொன்னீங்களா?"

சொல்லவில்லை. தொட்டில் என்பதற்கு இங்கிலீஷ் தேடி, கிடைக்காமல், நேரே கொக்கிக்குப் போய்விட்டாராம். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். என்னவென்று தெரியாமல் நித்யாவும் சிரித்தாள், அவளைப் பார்த்துத் தம்பியும். இந்த வீட்டில் எல்லாருமாகச் சிரித்து எத்தனை காலமாயிற்று.

பிறகு நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு என் அரைகுறைப் பெங்காலியில் பேசினேன். தம்பி ரிசீவரைக் கடித்துக் கத்தினான், சாட்சிக்கு. "ஓ, தோல்னா!" என்றார் மேனேஜர், தொட்டில்தானா என்று. அவர் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. நல்ல மனிதர். நேரில் வந்து ரூமைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

டிசம்பர் 14, சனி

இவர் காலையிலேயே பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு, முகம் வாடித் திரும்பினார். காபி குடித்த பிறகுதான் பேச்சு.

"காட்டேஜ் பிரமாதம். கார்ப்பெட், பாத் டப் எல்லாம் இருக்கு. ஆனா சீலிங் பூரா பிளாஸ்டர்ல பூப் பூவா பண்ணியிருக்கான். தட்டிப் பாத்தேன், டொக்குனு காலிச் சத்தம். அதுல பூனைக்குட்டியைக் கூடத் தொங்கவிட முடியாது."

"சாதா ரூம்?"

"அதுவும் அதே சீலிங்தான். நடுவுல ஃபேன். டென்ட்டு ஒண்ணு இருக்கு, கம்பத்தைப் பிடிச்சேன், கம்பம் என்கூட வருது."

"வேற ஒண்ணுமே இல்லையா?"

"ஸ்கூல் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தா தங்குறதுக்கு ஒரு ஹால் வச்சிருக்கான். இரும்புக் கட்டில், மேல ஒண்ணு கீழ ஒண்ணு. ஜெயில் மாதிரி. அத விடு. வாடகைக்குக் காரை எடுத்து ஒரே நாள்ல போயிட்டு வந்துருவோம், நான் பிள்ளையை வச்சுக்கிடுதேன்."

மிருகக்காட்சிசாலையிலும் இதையேதான் சொன்னார். வைத்துக்கொள்ளத்தான் செய்தார், பாவம், யானைக்கூண்டு வரை. நித்யா வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

டிசம்பர் 15, ஞாயிறு

பீன்ஸ் நறுக்கும்போது தோன்றியது. மேல ஒண்ணு கீழ ஒண்ணு.

தூத்துக்குடியில் பேறுகாலம் முடிந்து ஹவுராவுக்கு வரும்போது ரயிலில் தம்பி எப்படித் தூங்கினான்? மேல் பெர்த்தில் சேலையைக் கட்டித்தானே? ஹவுராவில் இறங்கும்போதுகூட எழுந்திருக்க மனமில்லாமல் வந்தானே. கொக்கி எதற்கு? இரும்புக் கட்டில் போதுமே.

கத்தியோடு எழுந்து ஹாலுக்குப் போய்ச் சொன்னேன். இவருக்கு யோசனை புரிந்தது. ஆனால் பிடிக்கவில்லை.

"ஆபீஸ்ல எங்க தங்குனீங்கன்னு கேப்பான். ஸ்கூல் பிள்ளைங்க படுக்குற ஹால்னா சொல்ல? காசு இல்லாமலா இருக்கோம்?"

எனக்கு வந்ததே கோபம். "உங்க கௌரவத்தைத் தொட்டில்ல போட்டு நீங்களே ஆட்டிக்கிட்டு இருங்க. அந்தப் பிள்ளை கேக்குறதையே விட்டுட்டா, தெரியுமா உங்களுக்கு?"

சாப்பிட உட்கார்ந்தார். ரசம் இரண்டாம் தடவை கேட்கவில்லை. கை கழுவிவிட்டு நேரே போய்ப் போனை எடுத்தார். இந்த மனிதரைக் கல்யாணம் செய்துகொண்டதில் தப்பில்லை.

டிசம்பர் 18, புதன்

இன்னும் தெரியவில்லை. ஹாலைக் குடும்பத்துக்குக் கொடுப்பதில்லையாம். ஆனால் ஹாலை ஒட்டி டீச்சர்கள் தங்க ஒரு சின்ன ரூம் உண்டு, அதே இரட்டைக் கட்டில், தனி பாத்ரூம். சனிக்கிழமை ஏதோ ஒரு பள்ளிக்கூடம் வருவதாகச் சொல்லியிருக்கிறது. அவர்கள் வராவிட்டால் நமக்கு. நாளை தெரியும்.

சும்மா இருக்க முடியாமல் லேக் மார்க்கெட் போய் வந்தேன். இட்லி அரிசி, உளுந்து, நல்லெண்ணெய். கொஞ்சம் மல்லிகைப்பூ, இந்தக் குளிரில் எங்கிருந்து வந்ததோ. கடைக்காரர் தமிழிலேயே, "என்னம்மா, வீட்ல விசேஷமா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார்.

யாரோ ஊர் பேர் தெரியாத பிள்ளைகளின் பிக்னிக் கெடட்டும் என்று சாமியிடம் வேண்டுவது சரியா? வேண்டிக்கொண்டேன்.

டிசம்பர் 19, வியாழன்

கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடம் வேறு தேதிக்கு மாற்றிக்கொண்டதாம். யார் பிக்னிக்கும் கெடவில்லை, முருகா. நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

நித்யாவிடம் சொன்னோம். "ஷொத்தி?" என்றாள். நிஜம் என்றார் இவர். அவர் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்து, "நீயும்?" நானும். "மேல் பெர்த் எனக்கு" என்றாள். அந்தக் கட்டிலில் மேலே ஏறிப் படுக்கலாம் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

எடுத்து வைக்க: பழைய பச்சைச் சுங்குடிச் சேலை (அவனுக்கு அந்த வாசனைதான்), தொட்டில் கம்பு, துணி நாப்கின் நிறைய, கிரைப் வாட்டர், இட்லி, மிளகாய்ப்பொடி, ஃபிளாஸ்க், மங்கி கேப் இரண்டு.

டிசம்பர் 21, சனி. பார்க்கில், மத்தியானம்

ரூமில் உட்கார்ந்து அவசரமாக.

சின்ன ரூம். வெள்ளையடித்த சுவர், ஜன்னலுக்கு வெளியே வாழை. ராட்டினப் பாட்டு தூரத்தில். தண்ணீர்ச் சறுக்கு குளிருக்கு மூடிவிட்டார்கள், நித்யாவுக்கு அதில் வருத்தமில்லை.

கீழ் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டு, மேல் கட்டில் சட்டத்தில் சேலையைக் கட்டினார். இவரே பிடித்துத் தொங்கிப் பார்த்தார். கட்டில் முனகக்கூட இல்லை. மேனேஜர் பார்க்க வந்தார். வழுக்கை, கழுத்தில் மஃப்ளர். தொட்டிலை ஒரு தடவை தானே ஆட்டிப் பார்த்துவிட்டு, இவரைப் பார்த்து, "அன்றைக்கு நான் ரொம்பப் பயந்துவிட்டேன் ஸார்" என்று இங்கிலீஷில் சொன்னார். இவருக்குக் காது வரை சிவந்துவிட்டது.

தம்பி கொஞ்சம் கத்தினான். பிறகு முனகல். இப்போது சத்தமில்லை. சேலையில் அவன் முதுகின் மேடு மட்டும் தெரிகிறது.

இவர் வராந்தாவில் பேப்பரோடு காவல். நித்யா செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். "வா" என்று சொல்லவில்லை. நிற்கிறாள்.

போகிறேன்.

டிசம்பர் 23, திங்கள்

துவைக்க ஒரு மலை. வெயில் நன்றாக இருக்கிறது.

ஏறினேன். நான், முப்பத்து நான்கு வயதில், செருப்பைக் கழற்றிக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு, பெரிய ராட்டினத்தில். மேலே போனதும் தென்னைகள், குளம் குளமாகத் தண்ணீர், செங்கல் சூளைப் புகைபோக்கிகள். பார்க்கும்போதே கீழே இறங்கியது. வயிறு மட்டும் மேலேயே நின்றுவிட்டது. முருகா என்று கத்திவிட்டேன்.

"கத்தாதம்மா, எல்லாரும் பாக்காங்க" என்றாள் நித்யா. என் கையை விடவில்லை. எனக்காகப் பிடித்திருந்தாளா, தனக்காகவா, தெரியாது.

சுற்று முடிந்து எங்கள் பெட்டி கீழே வந்தபோது இவர் கம்பி ஓரமாக நின்றார், தோளில் தம்பி. எழுந்துவிட்டிருக்கிறான். வாய் திறந்திருந்தது. அழுகையா கூச்சலா, பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. என் உடம்பு தானாக எழுந்தது. அதற்குள் நித்யா முன்னால் குறுக்கே இருந்த சங்கிலியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள். நான் இறங்கச் சொல்லவே இல்லை. அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. "தம்பி எந்திரிச்சுட்டான்லா" என்றாள், பஸ் வந்துவிட்டது என்கிற மாதிரி.

அந்தச் சின்னக் கை சங்கிலியைக் கழற்றுவதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. எத்தனை தடவை விட்டுக்கொடுத்திருந்தால் இப்படிப் பழகியிருக்கும்.

சங்கிலியைத் திரும்ப மாட்டினேன். ராட்டினக்காரரிடம் "ஆர் ஏக் பார்" என்றேன். இன்னொரு தடவை. நித்யா என்னையே பார்த்தாள். கீழே இவர் ஒரு நிமிஷம் புரியாமல் நின்றுவிட்டு, பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு பலூன்காரர் பக்கம் நடந்தார். பெட்டி எழும்பியது. இந்தத் தடவை அவளும் கத்தினாள்.

தம்பி ஒன்றும் ஆகிவிடவில்லை. பலூனைக் கடித்துக்கொண்டிருந்தான்.

சுங்குடிச் சேலையைக் கட்டிலிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டோம். மேனேஜர் போன் செய்தார், எடுத்து வைத்திருக்கிறாராம். இங்கே நீலச் சேலையைக் கட்டினேன். முகர்ந்து பார்த்தான், கொஞ்சம் யோசித்தான், தூங்கிவிட்டான்.

இப்போது சாயங்காலம். அடுப்பில் பருப்பு. மாடிப்படியில் நித்யாவும் மாஷிமாவும். ரூம் எப்படி இருந்தது என்கிறார் மாஷிமா. அதற்கு அவள் பதிலே சொல்லவில்லை. 'ஆமி ஆர் மா' என்று ஆரம்பித்தாள். நானும் அம்மாவும். அப்புறம் குரலை உயர்த்தி, "மா து பார் சொடேசே. து பார்." எங்கம்மா ரெண்டு தடவை ஏறினா. ரெண்டு தடவை.

கேட்டுக்கொண்டே கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. பிடிக்கட்டும்.