கார் கிளம்பவில்லை, மறுபடியும்

ஜனவரி 8, புதன்

கார் கிளம்பவில்லை.

ஜனவரி 9, வியாழன்

நேற்று எரிச்சலில் ஒரே வரியோடு மூடிவைத்துவிட்டேன். இன்று நிதானமாக எழுதுகிறேன். நிதானம் என்று நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேனாக ஓடிய வண்டி. நேற்று வேலையிலிருந்து வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. உள்ளே ஒன்றும் பற்றுவதில்லை. இன்றைக்கும் அதே கதை. சாவி சரி, கிளட்ச் சரி, கியர் சரி என்று ஒவ்வொன்றாக விரல் நீட்டிச் சொல்லித்தான் திருப்பினேன். வாழ்நாள் முழுக்க ஹிரோஷிமா டிராமில் சொல்லிச் சொல்லி ஓட்டிய வாய், இன்னும் ஓயவில்லை. எல்லாம் சரி. கார் மட்டும் சரியில்லை.

என் மனைவி மிசாவோ சமையலறை ஜன்னலைத் திறந்து, "பாட்டரியா இருக்குமோ?" என்றாள். பாட்டரி புதுசு. அவளுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்?

பிப்ரவரி நடுவில் மகள் ஹொனமியைக் கூட்டிவர வேண்டும். தலைப்பிரசவம். ஷிமானே மலைக்குள் கட்டிக்கொடுத்தாயிற்று. அங்கே ரயில் நின்றுபோய் வருஷக்கணக்காகிறது. பஸ்ஸில் ஏறினால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வாந்தி. மாப்பிள்ளை தெப்பெய் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர், இந்த மாதங்களில் அவருக்கு ஏது விடுமுறை? "அப்பா வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று புத்தாண்டு விருந்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஒரு நிறுத்தத்திலும் ஆளை நிற்கவிட்டுப் போனவனில்லை நான். சொந்த மகளை நிற்கவிடுவேனா?

ஜனவரி 11, சனி

நோமியாமா வந்தான். அவனிடமும் இதே ரோட்டரி எஞ்சின் கார்தான். மாதம் ஒருமுறை துறைமுகத்தில் நாங்கள் நாலைந்து பேர் வண்டிகளை வரிசையாக நிறுத்திவைத்து ஒருவர் வண்டியை ஒருவர் குறைசொல்லிப் பொழுதைப் போக்குவோம். வந்ததும் வராததுமாகப் பிளக்குகளைக் கழற்றினான். நாலும் சொட்டச் சொட்ட ஈரம். மூக்கை வைத்தால் ஒரே பெட்ரோல் வாடை.

"கபுத்தா" என்றான். போர்த்திக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். பிளக் பெட்ரோலைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் பொறி ஏது?

அதோடு நிறுத்தியிருக்கலாம். "குளிர்ல ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடாகறதுக்குள்ள அணைச்சாத்தான் இப்படி ஆகும். நாலடி நகர்த்திட்டு டக்குனு அணைச்சியா நீ?" என்று கேட்டான்.

எனக்கு வந்ததே கோபம். இந்த எஞ்சினில் முக்கோணமாக ஒன்று உள்ளே சுற்றுகிறது, அதைக் குளிரில் அணைக்கக் கூடாது என்பது இதை வாங்கிய முதல் நாளே தெரியும் எனக்கு. என்னைப் பார்த்துக் கேட்கிறான்!

இரண்டு பேருமாகப் பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்து, விட்டுவிட்டுச் சுற்றவைத்து உள்ளே இருந்ததை வெளியே துப்பவைத்தோம். பிளக்குகளைத் துடைத்துக் காயவைத்து, துளைகளில் சொட்டு எண்ணெய் விட்டு, ஃபியூஸைத் திரும்பப் போட்டுத் திருப்பினால் — ஒரு செருமல், ஒரு வெடி, அப்புறம் அந்தச் சத்தம். எதிர்வீடு தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை.

கடையிலிருந்து திரும்பிவந்த மிசாவோ மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். முதலில் அவள் சொன்னது, "இவாமோத்தோ வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க" என்பதுதான். எதிர்வீட்டு இவாமோத்தோ ராத்திரி ஷிஃப்ட்காரர், பகலில் தூங்குகிறவர். ஒரு பெட்டி இனிப்போடு போய்க் குனிந்தேன். அவர் மனைவி கோபப்படவே இல்லை. கார் சரியாகிவிட்டதா, நிச்சயமாகச் சரியாகிவிட்டதா என்று இரண்டு தடவை கேட்டார். நல்ல மனுஷி.

ஜனவரி 12, ஞாயிறு

கூரே நகரம் வரை ஓட்டிப்போய் வந்தேன். அற்புதம்.

ஜனவரி 15, புதன்

கிளம்பவில்லை.

ஜனவரி 16, வியாழன்

மறுபடியும் நாலு பிளக்கும் ஈரம். நிற்கிற கார் தானாகப் பெட்ரோல் குடிக்குமா? நான் வேலைக்குப் போவது வாரத்தில் மூன்று நாள், அதுவும் காலையில் மட்டும், ஸ்டேஷன் சைக்கிள் நிறுத்தத்தில். அந்த நேரம் பார்த்து இது என்னத்தைப் போர்த்திக்கொள்கிறது?

பானட்டின் மேல் பூனைத் தடம். பக்கத்துத் தெருப் பூனை வெதுவெதுப்பைத் தேடி வந்து படுக்கிறது போலிருக்கிறது. ஏதாவது ஒயரைக் கடித்திருக்குமோ? விளக்கை வைத்து எல்லா ஒயரையும் பார்த்தேன். கடிக்கவில்லை. (பின்னால் சேர்த்தது: வெதுவெதுப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போது யோசித்தேனா? இல்லை.)

இதுவும் போதாதென்று டிரைவர் இருக்கை வழுக்கி முன்னால் வந்து கிடக்கிறது. உட்காரும்போது முழங்கால் ஸ்டியரிங்கில் நன்றாக இடித்தது. அடியிலிருக்கும் பூட்டு தேய்ந்திருக்க வேண்டும். பின்னால் பார்க்கும் கண்ணாடியும் கூரையைப் பார்க்கிறது. கார் முழுக்கச் சதி.

ஜனவரி 19, ஞாயிறு

நோமியாமாவும் நானும் காயில்கள் எல்லாவற்றையும் மாற்றினோம். பிளக்கும் புதுசு. முதல் திருப்பலிலேயே பிடித்துக்கொண்டது. கடலோரமாகவே போய், இருட்டும் நேரத்தில் திரும்பினேன். எதிரே வரும் விளக்குகளைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது. கண்ணாடி அழுக்கு. உள்ளேயும் வெளியேயும் இரண்டு தடவை துடைத்தேன். வைப்பர் ரப்பரை மாற்ற வேண்டும்.

ஜனவரி 20, திங்கள்

செத்தாச்சு. புது காயிலாம், புது பிளக்காம். எந்தப் பாவி இதைக் கண்டுபிடிச்சான்? போதும்டா சாமி.

ஜனவரி 21, செவ்வாய்

வொர்க்‌ஷாப்காரர் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அடிக்கடி இப்படி ஆனால் உள்ளே அழுத்தம் குறைந்திருக்கும், எஞ்சினையே பிரிக்க வேண்டியிருக்கும், பிப்ரவரி கடைசிக்கு முன் நாள் இல்லை என்கிறார். பிப்ரவரி கடைசியில் எனக்குக் கார் எதற்கு?

ஹொனமி போன் செய்தாள். பஸ்ஸிலேயே வந்துவிடுகிறாளாம். நான் சிரமப்பட வேண்டாமாம். அந்தக் கடைசி வார்த்தைதான் சுருக்கென்றது. போனை மிசாவோவிடம் நீட்டினேன். அவள் நடைக்குப் போய்க் குரலைத் தாழ்த்தி, "அவசரப்படாதே, நான் ஏற்பாடு பண்ணிக்கிட்டிருக்கேன்" என்றாள்.

இவள் என்ன ஏற்பாடு பண்ணுகிறாள்? கையெல்லாம் எண்ணெயாக நிற்கிறவன் நான்.

ஜனவரி 23, வியாழன்

நோமியாமா வந்து மறுபடியும் துடைத்துக் கிளப்பிக் கொடுத்தான். போகும்போது என் தோளைத் தட்டினான். அந்தத் தட்டு எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

 

காலையிலிருந்து பனியும் மழையும் கலந்து கொட்டியது. சைக்கிளில் வருவார் யாருமில்லை. பொறுப்பாளர் என்னைச் சீக்கிரமே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். எங்கள் ஏற்றத்தில் திரும்பும்போதே அந்தச் சத்தம் கேட்டது. என் கார் சத்தம் எனக்குத் தெரியாதா?

தெரு நடுவில் குடை பிடித்தபடி இவாமோத்தோவின் மனைவி, போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறார். வாசலுக்குப் பாதி வெளியே என் கார். உள்ளே, மூக்கு ஸ்டியரிங்கில் ஒட்டுமளவுக்கு இருக்கையை இழுத்துப் போட்டுக்கொண்டு — மிசாவோ. விரலை நீட்டுகிறாள். "முன்னால சரி." அச்சு அசல் என்னைப் போலவே.

லைசென்ஸ் வாங்கியதிலிருந்து தெருவில் ஓட்டாதவள். பேப்பர் டிரைவர். ஓட்டாதவள் எந்தத் தப்பும் செய்ய முடியாதே, அதனால் அவளுடைய லைசென்ஸில் குற்றமில்லாதவர்களுக்கான தங்க வரி. எனக்குச் சாதாரண நீல வரி.

என்னைப் பார்த்ததும் எஞ்சினை அணைத்தாள்.

"அணைக்காதே" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அதற்குள் அணைத்துவிட்டாள்.

"இவாமோத்தோ தூங்கறாரேங்க. சத்தம் கேட்குமேன்னுதான் நாலடி போய்ட்டு வந்து உடனே அணைச்சிடறேன்."

நாலடி. உடனே. அத்தனை காயில், அத்தனை பிளக், பூனை வரைக்கும் சந்தேகப்பட்டேன். அக்கம்பக்கத்துக்கு மரியாதை என்று இவள் ஒவ்வொரு தடவையும் குளிர்ந்த எஞ்சினை அணைத்திருக்கிறாள். குளிரில் அணைத்தால் பெட்ரோல் உள்ளேயே நின்றுவிடும், இது தெரியாதா என்று கேட்டேன்.

"எனக்கு யார் சொன்னா? தொடாதேன்னு மட்டும்தானே சொன்னீங்க."

 நான் குரலை உயர்த்தினேன். எதற்காக எடுத்தாய் என்று. இவாமோத்தோவின் மனைவி குடையோடு நைசாக உள்ளே போய்விட்டார்.

"நவம்பர்ல வாசல் தூண்ல இடிச்சீங்களே" என்றாள்.

அந்தத் தூண் இருக்கும் இடமே தப்பு என்றேன்.

"தூண் நகரலைங்க."

மழை இரண்டு பேர் மேலும் பெய்துகொண்டிருந்தது. அவள் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். "வயித்துப் பிள்ளைக்காரியை உங்க பக்கத்துல உட்காரவெச்சு அந்த மலைப்பாதையில அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. நேரா சொன்னா நீங்க தாங்க மாட்டீங்க. அதான் கத்துக்கிட்டேன்."

சாதுவாக நடிக்கிறவர்களைப் பூனையைப் போர்த்தியவர்கள் என்போம் இங்கே. பிளக் பெட்ரோலைப் போர்த்தியது, மிசாவோ பூனையைப் போர்த்தினாள். இந்த வீட்டில் எதையும் போர்த்தாதவன் நான் ஒருவன்தான்.

ஜனவரி 25, சனி

இல்லை. நானும்தான். விளக்குகளைச் சுற்றி அந்த வளையங்கள் ஆகஸ்டிலிருந்தே தெரிகின்றன. கண்ணாடியில் அழுக்கே இல்லை.

இன்று ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு நான் பானட்டுக்கு முன்னால் நின்றேன். அவள் உள்ளே உட்கார்ந்து மிதித்துச் சுற்றினாள்.  கிளம்பியதும், சூடு காட்டும் முள் நடுவுக்கு வரும்வரை அணைக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினாள். இவாமோத்தோ எழுந்தால் எழுந்துவிட்டுப் போகட்டும்.

ஜனவரி 26, ஞாயிறு

அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில். சொல்லிக்கொடுக்கிறேன் என்றுதான் ஏறினேன். முதல் கால்மணி நேரம் கிளட்சை இப்படியா விடுவார்கள், கியரை அப்படியா போடுவார்கள் என்று வாய் ஓயாமல் பிடுங்கினேன். "வாயை மூடிக்கிட்டு வந்தாத்தான் ஓட்டுவேன்" என்றாள். சரி என்று பழைய வேலையை மட்டும் செய்தேன்: விரல் நீட்டிச் சொல்வது.

பாலத்துக்கு முன்னால் உள்ள சந்திப்பு. சாயங்காலம், விளக்குகள் போட்ட நேரம். விரலை நீட்டினேன். "இடது பக்கம் சரி."

கார் நகரவில்லை. அவள் கால் பிரேக்கிலேயே இருந்தது. இடப்பக்கமிருந்து ஒரு சைக்கிள் எங்கள் முன்னால் கடந்து போனது. பின்னால் குழந்தை இருக்கை, அதில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு குழந்தை.

நான் பார்க்கவில்லை. பார்த்துத்தான் சொன்னேன், பார்க்கவில்லை.

 அவள் ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். வீடு வரும்வரை என் கை மடியிலேயே இருந்தது. பயமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

கண் டாக்டர் பரிசோதனைக்கு நாள் கொடுத்துவிட்டார். மிசாவோதான் போன் செய்தாள், நான் பக்கத்தில் நின்றேன். தினமும் அவள் ஓட்டுகிறாள். ஏற்றத்தில் வண்டியைப் பின்னால் உருளவிடுகிறாள், சொன்னால் முறைக்கிறாள். கார் தினமும் கிளம்புகிறது. அதிலும் எனக்கு ஒரு எரிச்சல்.

பிப்ரவரி 15, சனி

வானம் வெளுத்த நாளாகப் பார்த்துப் போனோம். பின் கண்ணாடிக்குக் கீழே புதிதாக ஓட்டுகிறவர்கள் வைக்கும் மஞ்சளும் பச்சையுமான இலைச் சின்னத்தை ஒட்டியிருந்தாள். என் காரில். கோணலாக. எடுத்து நேராக ஒட்டினேன்.

தெப்பெய் சாலையின் இரண்டு பக்கமும் பனியைச் சுவராக ஒதுக்கிவைத்திருந்தார். ஹொனமி இலைச் சின்னத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்பா?" என்றாள்.

"அம்மா நல்லா ஓட்டுவா. ஏறு" என்றேன்.

வரும் வழியில் மகள் பின்னால் தூங்கிவிட்டாள். மலைத் திருப்பங்களில் மிசாவோ ஒவ்வொன்றுக்கும் விரல் நீட்டி, முனகிக்கொண்டே வந்தாள்: முன்னால சரி, இடது சரி. எல்லாம் சரியாகவே சொன்னாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மூக்குக்கண்ணாடியைக் காரில் மறந்துவிட்டேன் என்று போய் டிரைவர் பக்கம் உட்கார்ந்தேன். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. வலித்தது. அடியில் கைவிட்டு இருக்கையை நகர்த்தும் பிடியைத் தொட்டேன். பூட்டு தேயவே இல்லை, கல்லாக இறுகியிருக்கிறது.

இருக்கையைப் பின்னால் தள்ளவில்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.